இன்சுலின் சுரக்கும் ஈஸ்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, இன்று சலரோகக்காரர் போட்டுக்கொள்ளும் மனித இன்சுலினில் கணிசமான பங்கு ஈஸ்ட்டுக்குள்தான் உருவாகிறது, அந்த ஈஸ்ட்டை வாரக்கணக்கில் நிறுத்தாமல் வளர்க்கிறார்கள் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்குத்தான் இம்முறை கடிதம் அதிகம். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, பக்கம் முழுவதையும் இதற்கே தருகிறேன்.

அம்மாவுக்குக் கன வருடமாகச் சலரோகம். இப்போது கிளினிக்கில் இன்சுலின் எழுதிவிட்டார்கள். பெட்டியில் மனித இன்சுலின் என்று இருக்கிறது, நீங்கள் ஈஸ்ட் என்கிறீர்கள். ஈஸ்ட் இரத்தத்தில் கலந்தால் பிழை இல்லையா? அம்மா ஊசியே வேண்டாம் என்கிறா.
– மகள் ஒருவர், களுவாஞ்சிக்குடி

அம்மாவை ஊசியை நிறுத்த மட்டும் விடவேண்டாம் மகள், மற்றதெல்லாம் பிறகு. அந்தக் குப்பிக்குள் ஈஸ்ட் இல்லை. ஈஸ்ட் செய்து வெளியே விட்ட புரதத்தை மட்டும் பிரித்தெடுத்து, பல கட்டமாகச் சுத்திகரித்து, அதன் பிறகுதான் குப்பியில் அடைக்கிறார்கள். மனித இன்சுலின் என்றால் யாரோ ஒரு மனிதரிடமிருந்து எடுத்தது என்றும் இல்லை. நம் சதையி சுரக்கும் இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள், 21 ஒரு சங்கிலியில், 30 மற்றதில். அதே 51, அதே வரிசை, அதே மடிப்பு. அம்மாவின் உடம்புக்கு இது வேற்றுப் பொருளே இல்லை.

ஒன்று மட்டும் கவனம். இன்சுலின் ஒரு புரதம், சூட்டில் கெட்டுவிடும், உறைந்தாலும் கெட்டுவிடும். திறக்காத குப்பி பிரிட்ஜில் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும், பிரீசர் பக்கமே போகக்கூடாது. பாவனைக்கு எடுத்த குப்பியைச் சூடு படாத இடத்தில் ஏறத்தாழ நாலு கிழமை வைத்திருக்கலாம், சரியான நாளும் வெப்ப எல்லையும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் உண்டு. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈர மணலுக்குள் வைத்த மண்பானை நல்ல உதவி. ஆனால் பானை குளிர்வது ஈரம் ஆவியாவதால்தான், அதனால் கச்சான் வீசும் காலத்தில் நன்றாகக் குளிரும், மாரியில் காற்றே ஈரமாக இருக்கும்போது அவ்வளவு குளிராது. பிரிட்ஜின் குளிருக்கு அது ஒருநாளும் ஈடாகாது, ஆகவே திறக்காத குப்பிகளை பிரிட்ஜ் உள்ள அயல்வீட்டில் கொடுத்து வையுங்கள்.

எங்கள் வாப்பா இன்சுலின் போட்ட காலத்தில் அது பன்றியில் எடுப்பது என்று ஒரு பேச்சு இருந்தது. இப்போதும் அப்படியா?
– வாசகர், காத்தான்குடி

அந்தப் பேச்சு பொய்யில்லை நானா. 1922 இல் தொரொன்ரோவில் முதல் நோயாளிக்கு ஊசி போட்டதிலிருந்து அறுபது வருடத்துக்கு இன்சுலின் வந்தது மாட்டின் சதையியிலிருந்தும் பன்றியின் சதையியிலிருந்தும்தான். பன்றி இன்சுலின் நம்முடையதிலிருந்து ஒரே ஒரு அமினோ அமிலத்தில் வேறுபடும், மாட்டினது மூன்றில். 1982 இல் பற்றீரியாவில் செய்த மனித இன்சுலினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, 1987 இல் டென்மார்க்கின் நோவோ நிறுவனம் ஈஸ்ட்டில் செய்ததைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு மிருக இன்சுலின் மெல்ல மெல்ல ஒதுங்கிவிட்டது.

ஈஸ்ட்டுக்குள் ஏற்றும் பரம்பரை அலகு (ஜீன்) பன்றியினது அல்ல, மனித இன்சுலினின் வரிசைக்கு ஏற்றபடி அமைத்தது. ஆனால் ஈஸ்ட் முதலில் தருவது ஒற்றைச் சங்கிலியாக இருக்கும் ஒரு முன்வடிவம், அதை வெட்டி இன்சுலினாக்க ஒரு நொதியம் தேவை. அந்த நொதியம் எதிலிருந்து பெறப்பட்டது என்பது கம்பனிக்குக் கம்பனி வேறுபடலாம். மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள், கேட்கும்போது இப்போது எழுதித்தரும் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக இன்சுலின் என்று கேட்டால் சரியான பதில் வராது.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன் சேர். தொடர் வளர்ப்பு என்றால் என்ன? ஒரு தடவை வளர்த்து எடுப்பதைவிட அதில் என்ன லாபம்?
– மாணவன், கல்முனை

தம்பி, வழமையான முறை இப்படி. சீனி, உப்புகள், விற்றமின்கள் கலந்த ஊடகத்தைக் கலனில் நிரப்பி, கிருமி நீக்கி, ஈஸ்ட்டை விட்டு, சீனி முடியும்வரை வளர்த்து, எல்லாவற்றையும் வடித்தெடுத்து, கலனைக் கழுவித் திரும்பத் தொடங்குவது. இதில் ஈஸ்ட்டுக்கு ஒரு மணித்தியாலம் போல் இன்னொரு மணித்தியாலம் இருக்காது. தொடக்கத்தில் சீனி வழிந்து கிடக்கும், கடைசியில் பட்டினி. புரதத்தின் தரமும் அதற்கேற்ப மாறும். இதற்கு நடுவில் ஒரு முறை உண்டு, ஊடகத்தைச் சிறிது சிறிதாக ஊட்டிக்கொண்டே போவது. இன்றைக்குப் பெரும்பாலான தொழிற்சாலைகள் அதைத்தான் செய்கின்றன.

தொடர் வளர்ப்பில் ஒரு பக்கம் புது ஊடகம் ஒரே வேகத்தில் உள்ளே வரும், மறுபக்கம் அதே வேகத்தில் ஈஸ்ட்டும் புரதமும் கலந்த திரவம் வெளியே போகும். உன்னிச்சைக் குளம் நிரம்பி வான் பாயும்போது பார்த்திருப்பீர்கள், வருகிற தண்ணீர் அவ்வளவும் வெளியே போகும், குளத்தின் மட்டம் மட்டும் அப்படியே நிற்கும். கலனிலும் அதுதான் நடக்கிறது.

இப்போது கணக்கு. 1000 லீற்றர் கலன், மணிக்கு 100 லீற்றர் உள்ளே வருகிறது. அப்படியென்றால் ஐதாக்கல் வீதம், அதாவது கலனின் கொள்ளளவில் எத்தனை பங்கு ஒரு மணித்தியாலத்தில் புதிதாக வருகிறது என்பது, மணிக்கு 0.1. ஒரு துளி சராசரியாகப் பத்து மணித்தியாலம் கலனுக்குள் தங்கும். ஈஸ்ட் அடித்துச் செல்லப்படாமல் நிலைத்திருக்கவேண்டும் என்றால் அதன் வளர்ச்சி வீதமும் மணிக்கு 0.1 ஆக இருக்கவேண்டும், அதாவது ஏறத்தாழ 7 மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரட்டிக்க வேண்டும். ஈஸ்ட்டுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அது மெதுவாக வளர்ந்தால் கலனில் ஈஸ்ட் கலங்கள் குறையும், சீனி மிஞ்சும், உடனே வளர்ச்சி கூடும். வேகமாக வளர்ந்தால் சீனி தீரும், வளர்ச்சி குறையும். தானாகவே ஒரு சமநிலைக்கு வந்து நிற்கும். ஈஸ்ட்டால் முடிந்த உச்ச வேகத்தைத் தாண்டிப் பம்பியை ஓடவிட்டால் கதை முடிந்தது, கலம் பெருகுவதைவிட வேகமாக வெளியே போய், கடைசியில் கலனில் வெறும் சீனித்தண்ணீர்தான் மிஞ்சும். பரீட்சையில் இதைக் கழுவிச் செல்லல் என்று எழுதலாம்.

எனக்கு இதில் மிகப் பிடித்த விடயம், வளர்ச்சி வேகத்தை நீங்கள் ஒரு பம்பியின் திருகியால் தீர்மானிக்கிறீர்கள் என்பதுதான். ஓர் உயிரின் வளர்ச்சி வேகத்தை இவ்வளவு துல்லியமாகப் பிடித்து நிறுத்துவது வேறு வழிகளில் இலேசில்லை. 1950 இல் பாரிஸில் ஜாக் மொனோவும், சிக்காகோவில் நோவிக், சிலார்ட் இருவரும் தனித்தனியாக இதை எழுதி வெளியிட்டார்கள். அணுச் சங்கிலித் தாக்கத்தை முதலில் எண்ணிப்பார்த்த அதே லியோ சிலார்ட்தான்.

லாபம் கேட்டீர்கள் அல்லவா, சின்னக் கலனில் பெரிய விளைச்சல், கழுவி நிரப்பும் வீண்நேரம் இல்லை, இன்றைய புரதமும் மூன்று கிழமைக்குப் பிறகு வரும் புரதமும் ஒரே மாதிரி. புரதம் கலனில் அதிக நேரம் கிடக்காததால், அதை வெட்டித் தின்னும் நொதியங்களுக்கும் அவகாசம் குறைவு.

ஏறாவூரில் பேக்கரி வைத்திருக்கிறேன். பாணுக்குப் போடும் ஈஸ்ட்டும் இதுவும் ஒன்றா? ஈஸ்ட் சீனியைத் தின்றால் மதுசாரம்தானே வரும், இன்சுலின் எப்படி வரும்?
– வாசகர், ஏறாவூர்

ஒரே இனம்தான், சக்கரோமைசிஸ் செரிவிசியே. பள்ளிக்கூடப் புத்தகத்தில் மதுவம் என்று போட்டிருக்கும். உங்கள் பக்கற்றில் இருப்பதற்கு இன்சுலின் செய்யத் தெரியாது, அதற்கான பரம்பரை அலகை ஆய்வுகூடத்தில் ஏற்றவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மதுசாரம் பற்றி நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். இந்த ஈஸ்ட்டுக்கு ஒரு குணம், சீனி தாராளமாகக் கிடைத்தால் ஒட்சிசன் எவ்வளவு இருந்தாலும் மதுசாரம்தான் செய்யும். சீனியைப் பற்றாக்குறையாகக் கொடுத்து, காற்றை நன்றாக ஊதினால் மட்டும் முழுமையாகச் சுவாசித்து, கிடைத்த சீனியை உடம்பாகவும் புரதமாகவும் மாற்றும். உங்களுக்கு ஈஸ்ட் செய்து அனுப்பும் தொழிற்சாலைகள் நூறு வருடமாக சீனிப்பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது இதனால்தான். தொடர் வளர்ப்பில் கலனுக்குள் சீனி எப்போதும் கிட்டத்தட்டப் பூச்சியம், வந்த உடனே தின்றுவிடும். ஐதாக்கல் வீதம் மணிக்கு 0.3 அளவைத் தாண்டினால் சீனி மிஞ்சத் தொடங்கி, திரும்ப மதுசார வாடை வரும். எல்லை ஈஸ்ட்டின் வகையைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

இன்சுலின் வெளியே வரும் விதம் அழகானது. ஈஸ்ட் தன் இணையைக் கூப்பிட அல்பா காரணி என்ற ஒரு சின்னப் புரதத்தை வெளியே விடும். அதன் முன்பகுதி, இதை வெளியே அனுப்பு என்று கலத்துக்குச் சொல்லும் முகவரி. அந்த முகவரியை வெட்டி இன்சுலின் முன்வடிவத்தின் தலையில் ஒட்டிவிட்டார்கள். கலம் அதை நம்பி, மடித்து, மூன்று கந்தகப் பிணைப்புகளையும் சரியாகப் போட்டு, முகவரியை வெட்டிக் கழற்றி, வெளியே விட்டுவிடுகிறது. ஈஸ்ட் தன் சொந்தப் புரதங்களை அதிகம் வெளியே விடாது, அதனால் திரவத்திலிருந்து இன்சுலினைப் பிரிப்பது இலேசு. பற்றீரியாவில் செய்தால் கலத்தை உடைத்து, கட்டிபட்டுக் கிடக்கும் புரதத்தைக் கரைத்து, திரும்ப மடிக்கவேண்டும்.

இரண்டு லீற்றர் கண்ணாடிக் கலனில் தொடர் வளர்ப்பு ஓட்டுகிறோம். ஈஸ்ட் குறையவே இல்லை, கலங்கல் அப்படியே நிற்கிறது. ஆனால் இரண்டாம் கிழமையிலிருந்து புரதம் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. பம்பியை மாற்றிப் பார்த்தோம், காற்றைக் கூட்டினோம், ஒன்றும் சரிவரவில்லை.
– பட்டதாரி மாணவி, வந்தாறுமூலை

மகள், கலங்கல் நிற்கிறது, புரதம் இறங்குகிறது என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம், கலனில் இப்போது இருப்பது நீங்கள் போட்ட ஈஸ்ட்டே அல்ல, அதன் சோம்பேறிப் பிள்ளைகள். தொடர் வளர்ப்பின் முழுச் சிக்கலும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மனிதப் பரம்பரை அலகை ஒரு பிளாஸ்மிட்டில், அதாவது நிறமூர்த்தத்துக்கு வெளியே தனியாக இருக்கும் சின்ன டி.என்.ஏ. வளையத்தில், வைத்து ஏற்றியிருப்பீர்கள். அந்தப் புரதத்தைச் செய்வது ஈஸ்ட்டுக்கு வெறும் சுமை, அதனால் அதற்கு ஒரு நன்மையும் இல்லை. பிரியும்போது தற்செயலாக ஒரு மகட்கலத்துக்குப் பிளாஸ்மிட்டு கிடைக்காமல் போனால், அந்தக் கலம் சுமை இல்லாமல் கொஞ்சம் வேகமாக வளரும். ஒரு தடவை வளர்ப்பில் இது பெரிதாகத் தெரியாது, அதற்குள் வளர்ப்பு முடிந்துவிடும். தொடர் வளர்ப்பிலோ தேர்வு நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து இலட்சம் கலங்களில் ஒன்றுதான் பிளாஸ்மிட்டு இல்லாதது என்று வைப்போம், அதன் வளர்ச்சி மற்றவற்றைவிட மணிக்கு 0.02 மட்டும் கூட. அந்த ஒன்றின் வம்சம் கலனில் பாதியைப் பிடிக்க ஏறத்தாழ 690 மணித்தியாலம், அதாவது 29 நாள். இது ஒரே ஒரு முறை இழப்பு நடந்தால். உண்மையில் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிது புதிதாக இழந்துகொண்டே இருக்கும், ஆகவே உங்கள் இரண்டாம் கிழமை எனக்கு ஆச்சரியமில்லை.

சோதிப்பது கடினமில்லை. கலனிலிருந்து ஒரு துளி எடுத்து ஐதாக்கி, ஒரு தட்டில் எல்லாச் சத்தும் உள்ள ஊடகத்திலும், இன்னொரு தட்டில் பிளாஸ்மிட்டு உள்ள கலம் மட்டும் வளரக்கூடிய ஊடகத்திலும் பரப்புங்கள். முதலாவதில் இருநூறு புள்ளி, இரண்டாவதில் முப்பது என்று வந்தால் பதில் கையில் கிடைத்துவிட்டது. இதை ஓட்டம் தொடங்கிய நாளிலிருந்தே ஒன்றுவிட்ட ஒருநாள் செய்யவேண்டும், புரதம் இறங்கிய பிறகு அல்ல.

அப்புறம் உங்கள் ஊடகத்தைப் பாருங்கள். யூராசில் என்ற சத்தைத் தானே செய்யத் தெரியாத ஈஸ்ட்டை எடுத்து, பிளாஸ்மிட்டில் அந்த ஆற்றலைக் கொடுத்திருந்தால், ஊடகத்தில் யூராசில் இருக்கவே கூடாது. பலர் விளைச்சல் கூடட்டும் என்று ஈஸ்ட் சாறு சேர்ப்பார்கள், அதற்குள் யூராசில் இருக்கிறது! பிளாஸ்மிட்டு இல்லாத கலமும் சுகமாக வாழ்ந்துவிடும்.

நோவோ இதற்குக் கண்ட வழியை நான் பல தடவை பலரிடம் சொல்லியிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. சீனியைச் சக்தியாக மாற்றும் பாதையில் ட்ரையோஸ் பொஸ்பேற்று ஐசோமரேஸ் என்று ஒரு நொதியம் உண்டு. அதன் பரம்பரை அலகை ஈஸ்ட்டிலிருந்து முற்றாக நீக்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஈஸ்ட் குளுக்கோசில் வளரவே முடியாது. பிறகு பிளவுபடும் ஈஸ்ட் என்ற இன்னொரு இனத்திலிருந்து அதே வேலை செய்யும் அலகை எடுத்து, இன்சுலின் இருக்கும் அதே பிளாஸ்மிட்டில் வைத்தார்கள். இனிப் பிளாஸ்மிட்டை இழந்த கலத்துக்குக் குளுக்கோசைத் தின்னத் தெரியாது, ஊடகத்தில் ஈஸ்ட் சாறு சேர்த்தாலும் போட்டியில் நிற்காது. கடன் வாங்கிய அலகு இந்த ஈஸ்ட்டில் அரைகுறையாகத்தான் வேலை செய்கிறது, அதுவும் நல்லதாகப் போய்விட்டது. பிழைப்பதற்காகவே ஒவ்வொரு கலமும் பிளாஸ்மிட்டைப் பல பிரதிகளாக வைத்திருக்கிறது, இன்சுலின் அலகும் அதோடு சேர்ந்து பெருகுகிறது. நுண்ணுயிர்கொல்லி ஒரு துளி தேவையில்லை. வாரக்கணக்கில் ஓடும் தொழிற்சாலைக் கலனின் உயிர்நாடி இந்த ஏற்பாடுதான்.

உங்களால் இதைச் செய்ய முடியாவிட்டால், அலகை ஈஸ்ட்டின் நிறமூர்த்தத்திலேயே சேர்த்துவிடும் வழி உண்டு. பிரதி குறையும், ஆனால் இலேசில் தொலையாது.

தட்டில் பிளாஸ்மிட்டு சரியாக இருந்தால் மட்டும் இயந்திரப் பக்கம் பாருங்கள். பம்பிக்குள் உருளும் சிலிக்கன் குழாய் நாள்போகத் தளர்ந்து ஓட்டத்தைக் குறைக்கும், காட்டியில் எண் மாறாது. ஊடகப் போத்தலைத் தராசில் வைத்து எடை குறைவதை எழுதுங்கள், அது பொய் சொல்லாது. ஊடகம் வரும் குழாய்க்குள் ஈஸ்ட் பின்னோக்கி வளர்ந்து போத்தல்வரை ஏறிவிடும், நடுவில் துளி துளியாக விழும் ஒரு கண்ணாடி இடைவெளி வையுங்கள். கலனின் சுவரில், திரவ மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்பாக ஒரு வளையம் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஈஸ்ட் கழுவிப்போகாமல் அங்கேயே இருந்து கலனுக்குள் பழைய கலங்களை விட்டுக்கொண்டிருக்கும், உங்கள் ஐதாக்கல் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும்.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லாக் கம்பனியும் தொடர் வளர்ப்புச் செய்வதில்லை?
– வாசகர், பொத்துவில்

இருபதாம் நாள் வேறொரு கிருமி புகுந்தால் முழு ஓட்டமும் போச்சு. ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டால் எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை எடுத்த மருந்தைத் திரும்பப் பெறுவது என்ற கேள்வியும் உண்டு. மருந்துக் கட்டுப்பாட்டாளர்களும் மருந்துக் கம்பனிகளும் சேர்ந்த சர்வதேச அமைப்பு தொடர் உற்பத்திக்கென்று ஒரு வழிகாட்டியை 2022 இல்தான் ஏற்றுக்கொண்டது. ஏற்கெனவே அனுமதி வாங்கிய முறையை மாற்ற யாருக்கும் இலேசில் மனம் வராது.

டயலிசிஸ் நோயாளிகளுக்கு இரத்தம் ஏற நாங்கள் போடும் எரித்ரோபொயட்டினும் ஈஸ்ட்டிலா வருகிறது?
– தாதி, அம்பாறை

இல்லை சகோதரி, அது சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து எடுத்து வளர்த்த கலங்களில் செய்யப்படுகிறது. காரணம் சர்க்கரை. எரித்ரோபொயட்டினின் எடையில் ஏறத்தாழ 40 வீதம் அதில் தொங்கும் சர்க்கரைக் கிளைகள். அவை சரியான வடிவில் இல்லாவிட்டால் ஈரல் அதை இரத்தத்திலிருந்து விரைவாகத் துடைத்து எடுத்துவிடும், ஊசி போட்ட பலன் நிற்காது. ஈஸ்ட்டும் புரதங்களில் சர்க்கரை போடும், ஆனால் தன் பாணியில், மன்னோஸ் என்ற ஒரு சர்க்கரையை நீளமாக அடுக்கி. நம் உடம்பு அதை வேற்றுப் பொருள் என்று அடையாளம் கண்டுவிடும். இன்சுலினில் சர்க்கரையே இல்லை, அதனால்தான் ஈஸ்ட்டுக்கு அது இவ்வளவு பொருந்திப்போனது. நீங்கள் குழந்தைகளுக்குப் போடும் ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசி ஈஸ்ட்டில் வருவதுதான், ஆனால் அது வைரசின் புரதம், மனிதனுடையது அல்ல.

ஹிங்குரானையில் சீனித் தொழிற்சாலை இருக்கிறது, பாகிலிருந்து எதனோலும் வடிக்கிறார்கள். ஈஸ்ட்டும் இருக்கிறது, சீனியும் இருக்கிறது. நாங்களே இன்சுலின் செய்ய முடியாதா?
– ஆசிரியர், சம்மாந்துறை

முடியாது என்று நான் சொல்லமாட்டேன். நம் பக்கத்தில் இந்தியாவில் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997 இல் ஈஸ்ட்டில் ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசி செய்து காட்டியது. பிறகு அந்த நாட்டில் ஈஸ்ட் இன்சுலினும் வந்துவிட்டது. தொடங்கும்போது அவர்களுக்கும் கேலிதான் கிடைத்திருக்கும்.

ஆனால் சீனியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். செலவில் பெரும்பகுதி கலனுக்கு வெளியேதான் வரும். சுத்திகரிக்கும் நிரல்கள், ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்கும் கருவிகள், கிருமியே இல்லாமல் குப்பியில் அடைக்கும் அறை, நின்றுபோகாத மின்சாரம், எல்லாவற்றுக்கும் மேலாக இரவு இரண்டு மணிக்கு ஒட்சிசன் அளவு ஏன் குதித்தது என்று பார்த்தவுடன் சொல்லக்கூடிய ஆட்கள். கருவியைக் கப்பலில் இறக்கலாம், ஆட்களை நாங்கள்தான் உருவாக்கவேண்டும்.

அதை ஒரு லீற்றர் கண்ணாடிக் கலனிலேயே தொடங்கலாம். வந்தாறுமூலைப் பிள்ளைகள் தொடங்கிவிட்டார்கள், மேலே கேள்வியைப் பார்த்தீர்கள்தானே. உங்கள் பழைய மாணவர்கள் யாராவது பல்கலைக்கழகத்தில் இருந்தால், பரம்பரை அலகு எதுவும் ஏற்றாத சாதாரண ஈஸ்ட்டை மணிக்கு 0.1 இல் மூன்று கிழமை அசையாமல் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். கலங்கல், எஞ்சிய சீனி, எதனோல், போத்தலின் எடை, இந்த நாலையும் நாளுக்கு இரண்டு தடவை எழுதவேண்டும். எழுதியதை எனக்கு அனுப்பினால் வாசித்துப் பதில் போடுகிறேன்.